வேர்த்தால் போதாது: திருகோணமலையில் புதிதாக உடற்பயிற்சி தொடங்குகிறவர்களுக்கு

ஆகஸ்ட் மாதம், பின்னேரம் மூன்றரை மணி. ஒபிஸ் விளையாட்டுப் போட்டியில் அஞ்சலோட்டத்துக்கு மூன்றாவது ஆள் நான். முறை வரும்வரை கொட்டகைக்குள் உட்கார்ந்து ஒரு ரோல்ஸும் பிளேன்டீயும் எடுத்தேன். கச்சான் காற்று அனலாக அடித்ததில் இருந்த இடத்திலேயே சேர்ட் முதுகோடு ஒட்டிவிட்டது. பெயரைக் கூப்பிட்டார்கள், போய் நின்றேன், கோலை வாங்கினேன், ஓடினேன். நாற்பது மீற்றர் போயிருப்பேன். வலது பின்தொடையில் யாரோ கல்லால் எறிந்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் கல்லும் இல்லை, எறிந்தவனும் இல்லை.

“வோர்ம் அப் செய்தீங்களா?” என்று டொக்டர் கேட்டார். “வேர்த்துக் கொட்டிக்கொண்டுதானே டொக்டர் நின்றேன்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. தசை கிழிந்திருக்கிறது என்று எழுதினார்.

ஆறு கிழமை நொண்டினேன். தனியார் டொக்டர், ஸ்கேன், மருந்து, ஓட்டோ எல்லாம் சேர்த்து 18,000 ரூபாவுக்கு மேல் போனது. அதன் பிறகுதான், பயிற்சிக்கு முன் உடம்பைப் படிப்படியாகத் தயார்செய்யும் இந்த வோர்ம் அப் என்பதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். நாற்பதை எட்டியவர்கள், பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஓடியே பார்க்காதவர்கள், புதிதாக ஜிம்முக்குப் போக நினைப்பவர்கள் ஆகியோருக்காக எழுதுகிறேன். இருபது வயதுக்காரர்கள் ஐந்தாம் படியில் உள்ள கால்பந்துப் பகுதியை மட்டும் பார்த்தாலும் சரி.

1. முதலில் ஏழு கேள்விகள், பிறகு கிளினிக் கொப்பி

ஓடத் தொடங்குமுன் ஒரு கடதாசியில் இந்த ஏழுக்கும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ எழுதுங்கள். உலகம் முழுக்க ஜிம்களில் ‘பார்-கியூ’ என்று நிரப்பக் கொடுக்கும் படிவத்தின் சாரம் இதுதான். இதய வருத்தம் இருப்பதாக டொக்டர் எப்போதாவது சொன்னாரா? உடம்பை வருத்தும்போது நெஞ்சு நோகிறதா? கடந்த ஒரு மாதத்தில் சும்மா இருக்கும்போது நெஞ்சு நொந்ததா? தலைசுற்றி விழுந்தோ மயங்கியோ இருக்கிறீர்களா? அசைந்தால் மோசமாகக்கூடிய எலும்பு, மூட்டுப் பிரச்சினை உண்டா? பிரஷருக்கோ இதயத்துக்கோ மருந்து எடுக்கிறீர்களா? உடற்பயிற்சி கூடாது என்பதற்கு உங்களுக்குத் தெரிந்த வேறு காரணம் ஏதும் உண்டா?

ஒன்றுக்கு ‘ஆம்’ வந்தாலும் முதலில் டொக்டரைப் பாருங்கள். அரச ஆஸ்பத்திரியில் இதற்குக் காசில்லை, நேரம்தான் செலவு. ஓ.பி.டி.க்குக் காலையிலேயே போய்விடுங்கள். ஏற்கனவே கிளினிக்குக்குப் போகிறவர் என்றால் கிளினிக் கொப்பியையும், குடிக்கிற மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். ‘வெள்ளைக் குளிசை ஒன்று, மஞ்சள் ஒன்று’ என்று சொன்னால் டொக்டருக்கு விளங்காது. வெறுவயிற்றுச் சீனிச் சோதனை என்றால் முதல் நாள் இரவு சாப்பிட்டபின் எட்டு முதல் பத்து மணித்தியாலம் தண்ணீர் மட்டும். நான் விடியற்காலையில் பழக்க தோசத்தில் சீனி போட்ட தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய், மறுநாள் திரும்பவும் வரிசையில் நின்றேன்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அட்டனோலோல் போன்ற பிரஷர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இதயத் துடிப்பு வழமையைப்போல் ஏறாது. ஆகவே இதயத் துடிப்பின் உச்சத்தைக் காண ‘220இலிருந்து வயதைக் கழி’ என்ற கணக்கும், கையில் கட்டிய மணிக்கூடு காட்டும் எண்ணும் உங்களுக்குச் சரிவராது. பேச்சுச் சோதனைதான் சரி. முழு வசனமாகக் கதைக்க முடிகிறது, ஆனால் பாட்டுப் பாட முடியவில்லை என்றால் வேகம் அளவாக இருக்கிறது.

2. இடம், நேரம்

விடிகாலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில், அல்லது பின்னேரம் ஐந்துக்குப் பிறகு. நடுவில் வேண்டாம்.

காலையில் போகிறவர்களுக்கு வோர்ம் அப் கூட நேரம் வேண்டும். உடம்பின் உட்சூடு ஒரு நாளில் மிகக் குறைவாக இருப்பது விடியலுக்குச் சற்று முன்புதான். அதோடு, இரவு முழுக்கப் படுத்திருந்ததில் முதுகெலும்புத் தட்டுகள் நீர் ஏறி உப்பியிருக்கும். எழும்பிய முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் குனிந்து கால்விரலைத் தொடுகிற வேலை வேண்டாம். பள்ளிக்கூடத்தில் பீ.டி. மாஸ்டர் முதலில் செய்யச் சொன்னதே அதுதான், தெரியும். பதினான்கு வயது முதுகுக்கு அவர் சொன்னார்.

டச்சுக்குடாப் பக்கம் நடப்பது சுகம், காற்றும் வரும். ஆனால் உலர்ந்த மணலில் கால் புதையப் புதைய ஓடினால் கெண்டைக்காலும் குதி நரம்பும் வழமையைவிடக் கூடுதலாக உழைக்கும். புதியவர்கள் அலை நனைத்து இறுகிய மணலிலோ வீதியோரத்திலோ தொடங்குங்கள். இன்னொரு சிலர் பிரெட்ரிக் கோட்டை வாசலில் இறங்கி, நேராகக் கோணேசர் கோயில் ஏற்றத்தில் வேகநடை போடுவார்கள். ஏற்றத்தைக் கடைசிக்கு வையுங்கள். கோட்டைக்குள் மான்கள் நிற்கிற சமதரையில் ஐந்து நிமிடம் மெதுவாக நடந்துவிட்டு ஏறினால் மூச்சும் வாங்காது, மானையும் பார்த்த மாதிரி.

மாரிகாலத்தில், நவம்பர் முதல் ஜனவரி வரை, மழை பிடித்தால் வீட்டு விறாந்தை போதும்.

3. செலவு

வோர்ம் அப்புக்கென்று வாங்கவேண்டிய சாமான் ஒன்றும் இல்லை. கால் நுனியில் பெருவிரல் அகலம் இடமுள்ள சப்பாத்து, ஒரு துவாய், ஒரு போத்தல் தண்ணீர். சப்பாத்தைப் பின்னேரத்தில் போய் வாங்குங்கள், அப்போது கால் சற்று வீங்கி இருக்கும். சூடாக்கும் பட்டி, வேர்க்க வைக்கும் பிளாஸ்டிக் ஜக்கெட் என்று யாராவது விற்க வந்தால் கும்பிட்டு அனுப்புங்கள். நம் ஊர் வெயிலில் அந்த ஜக்கெட் ஆபத்தும்கூட.

4. பன்னிரண்டு நிமிடம்: செய்யும் முறை

வெளிச் சூட்டில் வேர்ப்பது தோலின் வேலை. உடம்பு தன்னைக் குளிர்விக்க இரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. தொடைக்குள் இருக்கும் தசை அப்போதும் சும்மாதான் கிடக்கிறது. ஓய்வில் அதன் சூடு உடம்பின் உட்சூட்டைவிடக் குறைவு. அதை ஏற்றச் சரியான வழி அந்தத் தசையையே வேலை வாங்குவதுதான். வேலை செய்யத் தொடங்கிய முதல் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் சூடு விறுவிறு என்று ஏறும், பத்து இருபது நிமிடத்தில் ஒரு மட்டத்தில் நிற்கும். சூடான தசைக்கு இரத்தம் ஒட்சிசனை இலகுவாக விட்டுக்கொடுக்கும், நரம்புச் சமிக்ஞை வேகமாக ஓடும், மூட்டுக்குள் இருக்கும் நெய்போன்ற திரவம் இளகும். இதயத்துக்கும் திடீர் அதிர்ச்சி இல்லை. இதெல்லாம் கொட்டகைக்குள் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்த எனக்கு நடக்கவில்லை.

முதல் ஐந்து நிமிடம்: மெதுநடை, பிறகு வேகநடை, கடைசி ஒரு நிமிடம் மெல்லோட்டம். மூச்சு சற்று ஏறவேண்டும், ஆனால் பக்கத்தில் வருகிறவரோடு கதைக்க முடியவேண்டும். சைக்கிளில் கிரவுண்டுக்கு வந்தால் அதுவும் கணக்கில் சேரும். மோட்டார் சைக்கிள் சேராது.

அடுத்த மூன்று நிமிடம்: மூட்டுகள். கணுக்கால் வட்டம், ஒரு காலுக்குப் பத்து. மதிலைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும் ஆட்டுவது, பிறகு பக்கவாட்டில், பத்துப் பத்து. கோயில் மணியின் நாக்கு மாதிரி ஆடட்டும், உதைக்கவேண்டாம். இடுப்பைத் திருப்புவது, தோளைச் சுழற்றுவது. கழுத்தை முழு வட்டமாகச் சுற்றாதீர்கள், வலம் இடம் பார்த்தால் காணும்.

அடுத்த இரண்டு நிமிடம்: பெரிய தசைகளை எழுப்புவது. கதிரையில் இருந்து எழும்புவதுபோல் பத்துத் தரம். நீட்டிக் கால்வைத்து இறங்குவது, ஒரு பக்கம் ஐந்து. குதியை உயர்த்தி நுனிக்காலில் நிற்பது பதினைந்து. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது பத்து. கடைசியாகச் சொன்னதைத்தான் நாள் முழுக்கக் கதிரையில் இருக்கிற ஒபிஸ்காரர்கள் விடவே கூடாது. நம் பின்பக்கத் தசை வேலையை மறந்துபோய் இருக்கிறது.

கடைசி இரண்டு நிமிடம்: ஒத்திகை. எதைச் செய்யப் போகிறீர்களோ அதையே அரை வேகத்தில் தொடங்குங்கள். ஓடப்போகிறவர் முப்பது மீற்றரை ஐம்பது வீத வேகத்தில் ஒரு தரம், எழுபதில் ஒரு தரம், எண்பத்தைந்தில் ஒரு தரம், இடையில் நடந்து திரும்பி வந்து. நான் செய்யாமல் விட்டது இதைத்தான். பூச்சியத்தில் இருந்து நூறுக்குத் தாவினேன்.

வெயில் அதிகமான நாளில் வோர்ம் அப்பை நீட்டாதீர்கள். பத்து நிமிடம், நிழலில். அதற்குமேல் போனால் உட்சூடு ஏறி, ஆட்டம் தொடங்குமுன்னே களைத்துவிடுவீர்கள்.

இனி விழுகிற பள்ளங்கள். முதலாவது, இழுத்துப் பிடித்து நிற்பது. குளிர்ந்த தசையை ஒரு நிமிடத்துக்குமேல் இழுத்து வைத்தால் அதன் பலமும் வெடிப்பும் கொஞ்ச நேரத்துக்குக் குறையும். அந்த ஸ்ட்ரெச்சிங்கைப் பயிற்சி முடிந்தபின் செய்யுங்கள். முன்னால் செய்தே ஆகவேண்டும் என்றால் ஒரு இடத்துக்கு 20, 30 விநாடியோடு நிறுத்துங்கள்.

இரண்டாவது, தைலம். பூசினால் எரியும், சூடு ஏறியதுபோலவும் இருக்கும். அது தோலில் உள்ள நரம்புக்குக் காட்டுகிற வேடிக்கை. தசை அதே குளிரில்தான் இருக்கும். என் நண்பர் ஒருவர் இதற்கும் ஒரு படி மேலே போய், “கன்னியா வெந்நீரில் குளித்துவிட்டு வந்தால் வோர்ம் அப்பே தேவையில்லை” என்றார். ஏழு கிணற்றுத் தண்ணீரும் வெதுவெதுப்புத்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெளியிலிருந்து வரும் சூடு மூட்டை அசைக்காது, ஓட்டத்தை ஒத்திகை பார்க்காது. அதோடு கன்னியாவில் குளித்துவிட்டு நகரத்துக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் ஆறிவிடும்.

ஆறிவிடுவதுதான் மூன்றாவது பள்ளம். வோர்ம் அப்பின் பயன் கால் மணித்தியாலம் போல நிற்கும், பிறகு கரையத் தொடங்கும். விளையாட்டுப் போட்டிகளில் பிரதம விருந்தினர் வரப் பிந்தும், பேச்சு நீளும், கொடி ஏறும். வோர்ம் அப்பை முடித்துவிட்டு இதற்கெல்லாம் அசையாமல் நின்றால் திரும்பவும் ஆரம்பத்தில்தான் நிற்கிறீர்கள். அஞ்சலோட்டத்தில் முதல் ஆளை வரிசைக்குக் கூப்பிடும்போதே நீங்கள் குதியைத் தூக்கித் தூக்கி நில்லுங்கள். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

5. எந்தப் பயிற்சிக்கு எவ்வளவு

வெறும் நடைக்கு: முதல் ஐந்து நிமிடம் மெதுவாக நடந்தாலே அது வோர்ம் அப். தனியாக ஒன்றும் வேண்டாம்.

கால்பந்துக்கு: ஏகாம்பரம் மைதானத்திலோ வேறெங்குமோ பின்னேரம் பந்து அடிக்கிற தம்பிமாருக்குச் சொல்கிறேன், ‘பிஃபா 11 பிளஸ்’ என்ற இலவசத் திட்டம் ஒன்று இருக்கிறது. மூன்று பகுதி, 15 பயிற்சி, மொத்தம் 20 நிமிடம்: எட்டு நிமிடம் ஓட்டமும் அசைவும், பத்து நிமிடம் பலமும் சமநிலையும், கடைசி இரண்டு நிமிடம் வேக ஓட்டம். நோர்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகளை வைத்துச் செய்து 2008இல் வெளியான பெரிய ஆய்வில், இதைச் செய்த கழகங்களில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கிழமைக்கு இரண்டு நாளாவது செய்யவேண்டும். மேட்ச் நாளில் நடுப்பகுதியை விட்டுவிட்டு, ஓட்டப் பகுதிகள் இரண்டையும் மட்டும் செய்யுங்கள். பலப் பகுதியைச் செய்துவிட்டு இறங்கினால் கால் கனக்கும். நடுப்பகுதியில், முழங்காலில் நின்று, நண்பன் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மெல்ல முன்னால் சாயும் பயிற்சி ஒன்று வரும். பின்தொடைக்கு அதைப்போல் ஒன்று இல்லை. முதல் நாள் மூன்று தரம், மிஞ்சினால் ஐந்து. வீரம் காட்டிப் பதினைந்து செய்தவர் மறுநாள் படி இறங்கிய விதத்தை நான் பார்த்தேன்.

ஜிம்முக்கு: டிரெட்மில்லில் ஐந்து நிமிடம் நடந்தால் மட்டும் தோளுக்கு வோர்ம் அப் ஆகாது. தூக்கப் போகிற அதே பயிற்சியைச் சிறிய பாரத்தில் தொடங்குங்கள். 40 கிலோ தூக்குகிறவர் 20இல் பத்துத் தரம், 30இல் ஐந்து தரம், பிறகு 40. புதியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நீளமான ஒலிம்பிக் கம்பி தட்டு ஒன்றும் போடாமலே 20 கிலோ. ‘வெறும் கம்பிதானே’ என்று தொடங்காதீர்கள், முதல் கிழமை தும்புத்தடிப் பிடி காணும். எந்த ஜிம்மிலும் சேரும்போது பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். ஒரு வருடக் காசை முன்கூட்டிக் கட்டிவிட்டு மூன்றாம் கிழமை கால் உடைந்தால் அந்தக் காசு திரும்பி வராது. நான் கட்டிய இடத்தில் வரவில்லை. சேருமுன் அங்கே இருக்கும் பயிற்றுநரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “புதிய ஆளுக்கு முதல் பத்து நிமிடம் என்ன செய்யச் சொல்லுவீங்க?” பதில் ‘நேரா பெஞ்சுக்குப் போங்க அண்ணா’ என்றால் வேறு இடம் பாருங்கள்.

கடலில் நீந்த: நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கரையிலேயே தோளைச் சுழற்றி, கையை விசிறி, முட்டளவு தண்ணீரில் இரண்டு நிமிடம் நடந்து, பிறகு இறங்குங்கள். கெண்டை பிடித்தால் தரையில் நிற்கலாம், ஆழத்தில் நிற்க முடியாது. மாரியில் கடலுக்கே போகவேண்டாம்.

6. அதையும் மீறி அடிபட்டால்

முதல் இரண்டு மூன்று நாள் வெந்நீர் ஒத்தடம் இல்லை, உருவுவது இல்லை, இழுத்துப் பார்ப்பது இல்லை, சாராயமும் இல்லை. இது நான்கும் வீக்கத்தைக் கூட்டும். என்னை மைதானத்திலேயே குப்புறப் போட்டு, “விடுங்க தம்பி, நரம்பு ஏறிட்டுது” என்று ஒரு அண்ணன் தைலம் போட்டு உருவினார். நல்ல மனிதர், நல்லெண்ணம்தான். பின்தொடை அன்றிரவே கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. பட்டி சுற்றுங்கள், காலை உயர்த்தி வையுங்கள், நோவுக்கு ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைக்கலாம்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவை: கணுக்கால் பிரண்டு நான்கு அடிகூட எடுத்துவைக்க முடியாமல் இருப்பது, குதிக்குமேல் ‘டப்’ என்று உதைத்ததுபோல் கேட்டு நுனிக்காலில் நிற்க முடியாமல் போவது. நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு, மயக்கம் என்றால் ஓட்டோ தேடாதீர்கள், 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

வேலைக்குப் போகிறவர்கள் மருத்துவச் சான்றிதழை முதல் தரம் டொக்டரைப் பார்க்கும்போதே கேட்டு வாங்குங்கள். நாலு நாள் கழித்துப் போய் ‘முந்திய திகதி போட்டுத் தாங்கோ’ என்றால் தரமாட்டார்கள், தரவும் கூடாது. நான் அந்த நாலு நாளைச் சொந்த லீவில் கழித்தேன். பிசியோவுக்கு அரச ஆஸ்பத்திரியிலேயே டொக்டரிடம் துண்டு எழுதி வாங்கினால் காசில்லை. இதை யாரும் முதலில் சொல்லாததால், தனியாரில் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

7. நேரமே இல்லாத நாளில்

ஒபிஸ் முடிந்து, பிள்ளையை டியூஷனில் இறக்கிவிட்டு, கிரவுண்டுக்கு வரும்போது ஆட்டம் தொடங்கியிருக்கும். ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்றால் மூட்டுப் பகுதியைச் சுருக்குங்கள், ஒத்திகையைச் சுருக்காதீர்கள்: இரண்டு நிமிடம் மெல்லோட்டம், ஒரு நிமிடம் கால் ஆட்டுவதும் எழும்பி இருப்பதும், இரண்டு நிமிடம் அரை வேகத்தில் இருந்து படிப்படியாக ஓட்டம். அதுவும் முடியாவிட்டால் முதல் பாதியில் இறங்கவேண்டாம். “வா மச்சான், ஆள் காணாது” என்று கோட்டுக்கு உள்ளிருந்து கூப்பிடுவார்கள். நான் இப்போதெல்லாம் கையைக் காட்டிவிட்டு, கோட்டுக்கு வெளியே என் முப்பது மீற்றரை அரை வேகத்தில் தொடங்கிவிடுகிறேன்.